பாமாவை எந்த அலமாரியில் வைப்பது?

திருச்சபையின் வரலாற்றை எழுதிய தமிழ்ப் பெண் யார் என்று உப்பளத்தில் எங்களோடு கூடிப் படிக்கும் மாணவிகள் கேட்டால், பாமா என்கிறோம். "அவர் எழுத்தாளர்தானே?" என்று உடனே மறுப்பு வரும். ஒரு தோழியின் ஆய்வேட்டில் 'கருக்கு' சான்றாக வந்தபோது, தன்வரலாறு சான்றாகாது என்று நெறியாளர் அடித்துவிட்டார்.

அதே ஆய்வேட்டில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்குச் சிக்கலே வரவில்லை. 1745 அக்டோபரில் புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து வைத்த சுவரைப் பற்றி அதில் இருக்கிறது. அவர்கள் பெரிய பாதிரியிடம் முறையிட்டார்கள், சுவர் இடிந்தது, சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். இதை எழுதியவர் கிறித்தவரல்லர், தலித்தும் அல்லர். அதுவும் ஒரு தனிமனிதர் எழுதி வைத்ததுதான். அது ஆவணம், இது கதையா?

பாமா 1958இல் புதுப்பட்டியில் பிறந்தார். தாத்தா காலத்தில் வேதத்தில் சேர்ந்த குடும்பம், அப்பா ராணுவத்தில். நன்றாகப் படித்தால்தான் இந்த இழிவை உதற முடியும் என்று சொன்னவர் அண்ணன். பின்னாளில் நம் புதுச்சேரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ராஜ் கௌதமன்தான் அவர். பாமா பட்டம் பெற்று, ஆசிரியரானார். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று 1985இல் கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழாண்டுகளில் வெளியேறினார். 1992இல் 'கருக்கு' வந்தது.

மாணவி, ஆசிரியை, கன்னியாஸ்திரி என்று மூன்று நிலையிலும் நின்று திருச்சபையின் கல்வியைப் பார்த்தவர் வேறு யார்? பெண்கல்விக்காகத் துய்ப்புயி பாதிரியார் 1844இல் புதுச்சேரியிலேயே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். அதை மதிக்கிறோம். எங்கள் பாட்டிமார் சிலர் கன்னியர் பள்ளிகளில்தான் கையெழுத்துப் போடக் கற்றார்கள். ஆனால் வெள்ளிவிழா மலர்களில் நிறுவியவர் படமும் கட்டடத் திறப்பு நாளும் இருக்கும்; எந்தப் பிள்ளைகள் கக்கூஸ் கழுவினார்கள் என்பது இருக்காது. மடத்துப் பள்ளியில் பணக்காரப் பிள்ளைகளுக்குச் செல்லமும் நம் பிள்ளைகளுக்குத் துடைப்பமும் கிடைத்ததை, உள்ளேயிருந்து எழுதியது பாமா.

தோழி அந்தப் பக்கங்களைத் திரும்பச் சேர்த்துவிட்டாள். வாய்மொழி நேர்காணலில் அடுத்தது அவளுடைய அப்பாயி. எந்தப் பள்ளி, எத்தனையாவது வரை, வகுப்பில் எங்கே உட்கார வைத்தார்கள், மணி அடித்ததும் யார் கூட்டினார்கள்? உங்கள் வீட்டுப் பாட்டியிடமும் கேட்டு, ஆண்டு போட்டு எழுதி அனுப்புங்கள்.