லாக்கப்பைக் கவனிக்க ஒரு வெளியாள் வேண்டும்

கைதானவரைப் பார்க்க நள்ளிரவில் ஸ்டேஷனுக்குப் போகும் வக்கீல் நான். "இங்கே யாரையும் கொண்டுவரலையேம்மா" என்பார் பாரா போலீஸ்காரர். உறவினர்களோ வாசலில் நிற்பார்கள்.

கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து, வீட்டுக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை எல்லாம் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே விதித்தவை. எழுதுவதும் சரிபார்ப்பதும் ஒரே ஸ்டேஷன்காரர்கள் என்பதுதான் கோளாறு. 2020இல் தந்தையும் மகனும் போலீஸ் சித்திரவதைக்கு ஆளாகி இறந்த வழக்கில், சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமரா இருந்தது. பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக மாஜிஸ்திரேட் அறிக்கை சொன்னது.

இங்கிலாந்தில் பொதுமக்களிலிருந்து நியமிக்கப்பட்ட இருவர் முன்னறிவிப்பின்றி லாக்கப்புக்குள் போய்க் கைதிகளிடம் பேசலாம். 2002ஆம் ஆண்டின் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. நமக்கு அதற்கும் மேலே வேண்டும்: எஸ்.பி.க்குக் கட்டுப்படாத, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு சம்பளம் தரும் ஊழியர் ஒருவர், ஒவ்வொரு ஷிப்டிலும் ஸ்டேஷனிலேயே. ஒரு மாவட்டத்திலாவது அரசு உடனே தொடங்க வேண்டும்.