குல்மார்குக்கு ஸ்னோ கன் வேண்டுமாம்!

காஷ்மீரில் பனி பொய்த்துப்போகும் வருடமெல்லாம் ஒரே பாட்டுதான். ஜனவரி பாதி தாண்டியும் குல்மார்க் புல்வெளி பழுப்பாகக் கிடந்தால் போதும், "சுவிட்சர்லாந்தில் மெஷின் வைத்துப் பனி செய்கிறான், சீனாக்காரன் ஒலிம்பிக்ஸையே நடத்திவிட்டான், இங்கே வைத்தால் என்ன?" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மெஷினுக்கு டெண்டர் விடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

வெளிநாட்டுக்காரன் குல்மார்குக்கு எதற்காக வருகிறான்?

ஐரோப்பாக்காரனுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆல்ப்ஸ் மலை இருக்கிறது. ரோலர் போட்டுச் சமப்படுத்திய சறுக்குப் பாதை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு லிஃப்ட், பாதி வழியில் காபி கடை என்று எல்லா சவுகரியமும் உண்டு. அதை விட்டுவிட்டு டெல்லி வந்து, ஸ்ரீநகர் வந்து, அங்கிருந்து ஜீப்பில் தங்மார்க் வளைவுகளில் குலுங்கிக்கொண்டு ஒருவன் ஏறுகிறான் என்றால் காரணம் இருக்க வேண்டுமே? போதாததற்குப் பல நாட்டு அரசாங்கங்கள் நீண்ட காலமாகவே "காஷ்மீர் பக்கம் போகாதே" என்று தங்கள் குடிமக்களை எச்சரித்து வந்திருக்கின்றன. இந்த எச்சரிக்கையை மீறிப் போனால் சாதாரணப் பயண இன்சூரன்ஸ் செல்லாமல் போகலாம். இது தெரிந்தும் வருகிறான்.

காரணம் ஒன்றே ஒன்றுதான். அஃபர்வாட் மலை. 1998-ல் கோண்டோலாவின் முதல் கட்டம் திறந்தது. 2005-ல் இரண்டாம் கட்டம் வந்து, 2,650 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை கொண்டுபோய் விட ஆரம்பித்தது. மேலே இறங்கினால் ரோலர் போட்ட பாதை கிடையாது. திறந்த சரிவுகள், யாரும் கால் வைக்காத பவுடர் பனி, கீழே பைன் மரக்காடு. உலகத்தில் இவ்வளவு உயரத்துக்குச் சறுக்குபவர்களை ஏற்றிவிடும் கேபிள் கார்கள் மிகக் குறைவு. அவன் காசு கொடுப்பது இந்த உயரத்துக்கும் இந்தப் பவுடருக்கும்தான்.

சரி, மெஷின் செய்வது என்ன?

ஸ்னோ கன் என்பது தண்ணீரை மிக நுண்ணிய துளிகளாக்கிக் காற்றில் பீய்ச்சும் கருவி. துளி தரையைத் தொடுவதற்குள் உறைய வேண்டும். அதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை (காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கும் அளவு) சுமார் -2 டிகிரிக்குக் கீழே இருந்தாக வேண்டும். விழுவது ஆறு முனைப் பனிப்பூ அல்ல, குட்டிக் குட்டி ஐஸ் உருண்டை. புதிதாக விழுந்த இயற்கைப் பனி ஒரு கன மீட்டர் 50-லிருந்து 100 கிலோ வரை இருந்தால், மெஷின் பனி 400 கிலோவைத் தாண்டும். கெட்டியானது, சீக்கிரம் கரையாது.

இந்தக் கெட்டித்தன்மை பந்தயம் ஓட்டுபவருக்கு வரப்பிரசாதம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க மெஷின் பனியில்தான் நடந்தது. இத்தாலியின் சறுக்குப் பாதைகளில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்கு மெஷின் வசதி உண்டு. அங்கே விற்கும் சரக்கே சமப்படுத்திய பாதைதான். அந்தச் சரக்குக்கு மெஷின் சரி. குல்மார்க் விற்கும் சரக்கு பவுடர். அஃபர்வாட்டின் திறந்த சரிவுகளை எந்த மெஷினாலும் பவுடரால் நிரப்ப முடியாது. பிரியாணிக்குப் பேர்போன கடையில் பிரியாணி தீர்ந்துவிட்டது என்று இட்லி வைத்தால், இட்லி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வந்தவன் எழுந்து போய்விடுவான்!

அவுலியைப் பார்த்தாவது புத்தி வர வேண்டாமா?

உத்தராகண்டின் அவுலியில் 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுகளுக்காக ஸ்னோ கன்களை இறக்கினார்கள். தண்ணீருக்கு மலைமேல் செயற்கை ஏரியும் வெட்டினார்கள். நடந்தது என்ன? 2018 ஜனவரியில் சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் போட்டி அதே அவுலியில் நடக்க இருந்தது. பனி இல்லை என்று ரத்தானது. ஏரி இருந்தது, மெஷின் இருந்தது, போட்டி மட்டும் இல்லை. மெஷினை வாங்குவது ஒரு நாள் விழா. தொடர்ந்து பல நாள் கடுங்குளிர் இருப்பதும், பம்ப் ஓடுவதும், உதிரி பாகம் கிடைப்பதும், ஆபரேட்டர் ராத்திரி முழுக்க விழித்திருப்பதும் வருடாவருடம் நடக்க வேண்டிய வேலை. விழாவுக்கு ஆள் வரும், வேலைக்கு வராது.

தண்ணீர் யாருடையது?

கணக்கு எளிது. ஒரு ஹெக்டேர் சரிவில் 30 சென்டிமீட்டர் பனி போட 3,000 கன மீட்டர் பனி வேண்டும். கன மீட்டருக்கு 400 கிலோ என்றாலும் 12 லட்சம் லிட்டர் தண்ணீர். இது ஒரே ஒரு ஹெக்டேருக்கு! காற்றில் போவதும் கரைந்து மறுபடி போடுவதும் தனி.

ஜனவரியில் குல்மார்க் இரவுகள் மெஷின் ஓட்டப் போதுமான குளிர்தான் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மெஷின் தேவைப்படுவது வறண்ட குளிர்காலத்தில். ஓடைகள் வற்றிக் கிடப்பதும் அதே குளிர்காலத்தில்தான். 2025 பிப்ரவரியில் அனந்த்நாக் பக்கம் அச்சபல் முகலாயத் தோட்டத்து நீரூற்றே வற்றிப்போய், அதை நம்பியிருந்த கிராமங்கள் குடிநீருக்குத் திண்டாடின. அப்படிப்பட்ட வருடத்தில் தங்மார்க் பக்கத்து ஓடையிலிருந்து லட்சக்கணக்கான லிட்டரை உறிஞ்சி மலையில் தெளிப்பது யாருக்காக? கரையும்போது திரும்ப வரும் என்பார்கள். வசந்தத்தில் வரும் தண்ணீர் ஜனவரிக் குடத்தை நிரப்புமா?

பனி வரவில்லையா, தாமதமாக வருகிறதா?

இதுதான் முக்கியம். காஷ்மீரிகள் குளிர்காலத்தை டிசம்பர் 21 முதல் 40 நாள் சில்லை கலான், அடுத்த 20 நாள் சில்லை குர்த், கடைசி 10 நாள் சில்லை பச்சா என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். சில்லை கலானில் விழும் பனிதான் இறுகி நிலைக்கும் என்பது பெரியவர்கள் கணக்கு. அந்தக் கணக்குதான் இப்போது தவறுகிறது.

2024 ஜனவரியில் குல்மார்க் மொட்டையாகக் கிடந்தது, ஹோட்டல் புக்கிங்குகள் ரத்தாயின. மாதக் கடைசியில் பனி ஆரம்பித்து, பிப்ரவரியில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பிப்ரவரி 22 அன்று பனிச்சரிவில் ஒரு ரஷ்யச் சறுக்குவீரர் இறந்துபோகும் அளவுக்கு! 2025-ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பிப்ரவரி 22-ல் தொடங்க வேண்டியவை, பனியில்லாமல் தள்ளிப்போயின. பிறகு பனி விழுந்தது, மார்ச் 9 முதல் 12 வரை போட்டி நடந்தது. அந்தப் போட்டியைக் காப்பாற்றியது மெஷின் அல்ல, தேதியை மாற்றிய முடிவு.

அப்படியானால் சீசனைப் பின்னால் தள்ளினால் தீர்ந்ததா? அங்கேயும் உண்மையைச் சொல்ல வேண்டும். குல்மார்க் இருப்பது 34 டிகிரி அட்சரேகையில். மார்ச் 21 நண்பகலில் சூரியன் அங்கே 56 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆல்ப்ஸின் தாவோஸில் 43 டிகிரிதான். ஆகவே மார்ச் பனியின் குணமே வேறு. ராத்திரி உறைந்து காலையில் கல்லாக இருக்கும். முற்பகலில் மேல் அங்குலம் இளகி, சறுக்க அருமையாக இருக்கும். மதியம் கஞ்சியாகிவிடும், வெயில்படும் சரிவுகளில் ஈரப் பனிச்சரிவு அபாயம் வேறு. ஊர் மட்டத்தில் சேறு, 3,500 மீட்டருக்கு மேலே குளிர்காலம் என்று ஒரே நாளில் இரண்டு பருவம். இதை மறைத்து "மார்ச் முழுக்க பவுடர்" என்று ஆசைகாட்டினால் வருபவன் ஒரு தடவைதான் வருவான். உள்ளதைச் சொன்னால், அதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மெஷின் கட்சிக்காரர்களிடம் ஒரு நியாயம் உண்டு. பனியில்லாத ஜனவரியில் அடிபடுவது மந்திரியோ டிராவல் கம்பெனியோ அல்ல. ஸ்லெட்ஜ் இழுப்பவர், பூட்ஸ் வாடகைக்கு விடுபவர், கைடு. அவர்களின் வருடச் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு மூன்று மாதத்தில்தான். சரி, ஊர் மட்டத்தில் பிள்ளைகள் பழகும் சின்னச் சரிவு ஒன்றுக்கு, தண்ணீர்க் கணக்கை ஊர்க்காரர்கள் முன்னால் வைத்துவிட்டு, மெஷின் வைக்கட்டும். முதல் தடவை பனி பார்க்க வரும் குடும்பங்களுக்கும் பயிற்சி மாணவர்களுக்கும் அது போதும். ஆனால் அதை "வெளிநாட்டவரை ஈர்க்கும் திட்டம்" என்று சொல்லி விற்காதீர்கள். அது பொய்.

வெளிநாட்டவர் வர வேண்டுமென்றால் காசு போக வேண்டிய இடம் வேறு. 2023 பிப்ரவரி 1 அன்று இதே அஃபர்வாட் சரிவில் இரண்டு போலந்து நாட்டவர் பனிச்சரிவில் இறந்தார்கள். அடுத்த வருடம் அந்த ரஷ்யர். காட்டுப் பனியைத் தேடி வருபவனுக்குத் தேவை, தினமும் காலையில் உயரம் வாரியாக நம்பத்தகுந்த பனி நிலவரமும் பனிச்சரிவு எச்சரிக்கையும், நல்ல சம்பளத்தோடு பயிற்சி பெற்ற உள்ளூர் மீட்புக் குழுவும், பனியில்லை என்றால் தேதி மாற்றித் தரும் ஹோட்டலும். இந்த மூன்றிலும் உள்ளூர்ப் பையன்களுக்கு வேலை இருக்கிறது. மூன்றுக்கும் ஓடைத் தண்ணீரில் ஒரு லிட்டர்கூட வேண்டாம்.

ஆனால் இதற்கெல்லாம் ரிப்பன் வெட்ட முடியாது. சிக்கலே அதுதான்!