மலையடியில் வாழ்வோர் அறிய வேண்டுவன



அசையாத பொருளுக்கு மலையை உவமை கூறுவது நம் வழக்கம். ஆயின் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலையில் அம்மலையின் சரிவே பெயர்ந்தது. அடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் வீட்டை மூடியதால், சிறுவர் ஐவர் உட்பட எழுவர் மாண்டனர்.

முந்தைய இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. அண்டையிலுள்ள விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. மழைக்கும் மலைச்சரிவுக்கும் உள்ள தொடர்பு யாது? சரிவில் படிந்துள்ள மண், துகளோடு துகள் பற்றிக்கொள்வதாலேயே நிலைத்து நிற்கின்றது. மழைநீர் இடைவெளிகளை நிரப்பியதும் அதன் அழுத்தம் அப்பிடியைத் தளர்த்துகின்றது. மண்ணின் எடையும் கூடுகின்றது. ஒரு கட்டத்தில், மண் தன்மேல் அமர்ந்துள்ள பாறைகளோடு சரிந்து விடுகின்றது.

விபத்துக்குப்பின் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 13-ஆம் நாள் நடந்த தீபத் திருவிழாவில், பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. பழமையான வழக்கமும் மனித உயிரை முன்னிட்டு ஆராய்ச்சிக்குச் செவிசாய்த்தது பாராட்டத்தக்கதன்றோ!

ஆராய்ச்சியாளர் கூறும் அறிகுறிகளை நாமும் அறிந்திருத்தல் நலம். தரையிலோ சுவரிலோ புதிய விரிசல், சாயத் தொடங்கும் மரங்கள், சரிவிலிருந்து திடீரெனக் கசியும் கலங்கல் நீர், பாறை உருளும் ஓசை: பெருமழையில் இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், பொருள்களை எடுக்கத் தாமதியாது அவ்விடத்தை விட்டு அகல வேண்டும்.

மழை ஓய்ந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதெனக் கருதலாகாது. 1999-ஆம் ஆண்டு ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பின், அங்கே எலிக்காய்ச்சல் பரவியதை மருத்துவ ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீரிலிருந்து நோய்க்கிருமி, காலிலுள்ள சிறு புண் வழியாகவும் உடலுள் புகும். எனவே சேற்றில் இறங்குவோர் காலணி அணிக, புண்ணை மூடுக, குடிநீரைக் கொதிக்க வைத்துப் பருகுக. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் தோன்றினால், வெள்ளநீரில் நடந்ததை மருத்துவரிடம் மறவாது கூறுக. காலத்தே கண்டறிந்தால் இந்நோயைக் குணப்படுத்த மருந்துண்டு.

புயலைத் தடுக்கும் ஆற்றல் நமக்கில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் அறிந்த உண்மை, மழைக்கு முன்பே மலையடிக் குடிசையைச் சென்றடைந்தால் உயிர்கள் பிழைக்கும். படித்தவர் இதனைப் படியாத அயலாருக்கு எடுத்துரைப்பாராக.