தள்ளுங்க தம்பி!

எங்கள் தெரு அண்ணாச்சிக்கு வயசு எழுபது. தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். போன வாரம் கேஸ் சிலிண்டரை மாடியேற்ற ஆள் தேடி நின்றேன். "தள்ளுங்க தம்பி" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே ரெகுலேட்டரைப் பத்திரமாகச் சுமந்து போனேன்!

டாக்டர் பாஃபன்பார்கர் என்ற அமெரிக்கர், சான்ஃபிரான்சிஸ்கோ பக்கத் துறைமுகத் தொழிலாளர்கள் 6,351 பேரை 22 வருஷம் கவனித்து, 1975-ல் கணக்குச் சொன்னார். கனமான சுமை தூக்கியவர்களைவிட லேசான வேலைக்காரர்களுக்கு மாரடைப்புச் சாவு கிட்டத்தட்ட இரு மடங்கு!

உடனே ஹார்பர் கேட்டில் போய் நிற்காதீர்கள். அங்கே இப்போது கன்டெய்னரும் கிரேனும்தான். தவிர, ஓய்வில்லாமல் மாடாய் உழைப்பது இதயத்துக்கு ஆகாது என்கின்றன பிந்தைய ஆய்வுகள் பல.

என் கவலை, ஃபைலைத் தவிர எதையும் தூக்காமல் ரிட்டயரான உங்கள் அப்பாவைப் பற்றி. தினம் ரோச் பூங்கா வரை நடக்கிறாரா? சபாஷ். ஆனால் பத்தாது சார். வாரம் 2 நாளாவது தசைக்கும் வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தசைக்கும் தேய்மானம் உண்டு. எங்கள் பி.காம். பாஷையில், டிப்ரிஸியேஷன்!

தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது, பிரஷர் எகிறும். இதயக் கோளாறு, பி.பி. இருந்தால் முதலில் டாக்டர்.

இன்று சாயங்காலம், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். எழுபது வயசுக்காரருக்கு 12-க்குக் குறைந்தால் காலில் பலம் போதவில்லை.

அடுத்து அவர் எண்ணட்டும், நீங்கள் எழுந்திருங்கள்.