பயிர் அழிந்தது அவருக்கு, பணம் வந்தது எனக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

ஊரில் எனக்கு 2 ஏக்கர் நஞ்சை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். நான் அந்த வயலில் இறங்கி 20 வருடம் ஆகிறது. சாகுபடி செய்பவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். வாய்ப்பேச்சுக் குத்தகைதான், ஒரு துண்டுத் தாள் கிடையாது. சம்பா கதிர் முற்றிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வடிவதற்குள் கதிர் சாய்ந்து முளைத்துவிட்டது. கணக்கெடுக்க வந்தவர்கள் பட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல் கேட்டார்கள். யோசிக்காமல் என்னுடையதைக் கொடுத்தேன். சில மாதம் கழித்து ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் வீதம் என் கணக்கில் 13,760 ரூபாய் ஏறியது.

உழவு, நாற்று, நடவு, உரம் எதற்கும் நான் ஒரு ரூபாய் போடவில்லை. மனைவியின் நகையை அடகு வைத்துப் போட்டவர் அவர். விஷயத்தைச் சொன்னதும், "உங்க நிலம், உங்க பேருக்குத்தானே சார் வரும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இந்தப் பணம் எதற்குக் கொடுக்கப்படுகிறது? 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர் சேதமானால் கொடுப்பது. சேதம் பயிருக்கு, நிலத்துக்கு அல்ல. வயலில் மணல் மூடினால் அதை அள்ளுவதற்குத் தனி உதவி விதியிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, பயிருக்கான பணம் பட்டாவைத் தேடிப் போவது என்ன நியாயம்? பிரதமர் கிசான் திட்டத்தின் வருடம் 6,000 ரூபாயும் நிலம் வைத்திருப்பவருக்குத்தான். அறுவடைக் கூலியை இழந்த பெண்களை எந்தப் பட்டியலும் கேட்பதே இல்லை.

சட்டம் இல்லை என்று சொல்லாதீர்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரை எழுத இடம் இருக்கிறது. எழுத விடாதவர்கள் நம்மைப் போன்றவர்கள். பெயர் ஏறினால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை, எனக்கும் இருந்தது. ஆனால் ஆந்திராவைப் பாருங்கள். 2019ல் ஒரு சட்டம் போட்டு, சாகுபடி செய்பவருக்கு 11 மாத அட்டை கொடுக்கிறார்கள். நிலத்தில் உரிமை கிடையாது. பயிர்க் கடன், காப்பீடு, நிவாரணம் மட்டும் கிடைக்கும். உரிமையாளர் சம்மதம் வேண்டும் என்பதால் அங்கேயும் பலருக்கு அட்டை கிடைப்பதில்லை. குறை இருக்கிறது, ஆனாலும் வழி இருக்கிறது. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும். நிவாரணப் பட்டியலைக் கிராம சபையில் உரக்க வாசிக்கவும் வேண்டும். யார் வயலில் யார் உழுதார் என்பது ஊருக்குத் தெரியாதா?

பணத்தை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டேன். அடங்கலில் அவர் பெயரை எழுதச் சொல்லிக் கையெழுத்திட்டு வி.ஏ.ஓ.விடம் மனுவும் கொடுத்திருக்கிறேன். "அண்ணனுக்கு வயசாயிடுச்சு" என்று சென்னையில் இருக்கும் என் தம்பி சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. தம்பி, உன் 3 ஏக்கருக்கும் அதே மழைக்குப் பணம் வந்ததே, அது இப்போது யாரிடம் இருக்கிறது?