'வாக்கிங் போங்க' என்றால் போதுமா? பி.பி. உள்ளவர்களுக்கு உடற்பயிற்சிக்கும் 'டோஸ்' வேண்டும்!

பி.பி. என்று டாக்டரிடம் போனால், மருந்துச் சீட்டில் எல்லாமே தெளிவாக இருக்கும். எத்தனை மில்லிகிராம், காலையா ராத்திரியா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என எல்லாம். கடைசியில் மட்டும், "கொஞ்சம் வாக்கிங் போங்க" என்று ஒரு வரி. எவ்வளவு நேரம், என்ன வேகம்? அதெல்லாம் நம் இஷ்டம்! இது சரியில்லை. உடற்பயிற்சியும் ஒரு மருந்துதான். அதற்கும் அளவு எழுதித் தர வேண்டும்.

என்ன பலன்?

வேக நடை, சைக்கிள், நீச்சல் போன்ற ஏரோபிக் பயிற்சிகளைத் தொடர்ந்து செய்தால், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 புள்ளிகள் இறங்குகிறது. நடக்கும்போது ரத்த ஓட்டம் கூடுகிறது. உடனே ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க, குழாய் தளர்ந்து விரிகிறது. இதயத்தின் சுமை குறைகிறது. அழுத்தத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால், இடது கீழறைச் சுவர் தடித்து, இதயமே ஒரு கட்டத்தில் களைத்துவிடும்.

ஒருநாள் நடையின் பலன் சில மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒருநாள். அதனால் "சண்டே சேர்த்து நடந்துக்கலாம்" என்பது பி.பி.க்கு ஒத்துவராது.

எவ்வளவு நடக்கணும்?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது, வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. தினமும் 30 நிமிடம், வாரம் 5 நாள் என்று தொடங்கலாம். வேகம்? நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான்.

10,000 ஸ்டெப்ஸ் கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண். ஸ்மார்ட்வாட்ச் காட்டும் இதயத் துடிப்பையும் முழுசாக நம்பாதீர்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது.

பி.பி. 180/110-ஐத் தாண்டினாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். 'நடக்கிறோமே' என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

நடக்க இடம் எங்கே?

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதையை அரசு திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் காலை எட்டுக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பதுக்குத் திரும்புபவருக்கு, தன் தெருவில் பைக் நிற்காத நடைபாதைதான் உதவும். ஆபீஸில் அரை மணி நேர நடை இடைவேளை கிடைத்தால் இன்னும் நல்லது. உள்ளாட்சிகளும் நிறுவனங்களும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது தயங்காமல் கேளுங்கள்: "எத்தனை நிமிஷம், எத்தனை நாள்? அதையும் சீட்டிலேயே எழுதிடுங்க டாக்டர்!"