அட்டைப்பெட்டி செட்டும் பரண்மேல் கேசட்டும்

"டாக்டர் ஹூ" முதல் எபிசோடைத் திரும்ப உட்கார்ந்து பார்த்தேன்னு சொன்னா, நம்ம மக்கள் ரெண்டே ரெண்டு பதில் வச்சிருக்காங்க. ஒண்ணு: "அந்த அட்டைப்பெட்டி செட்டையா? முடியல சாமி." இன்னொண்ணு: "வெள்ளைக்காரன் பத்திரமா வச்சிருக்கான், பார்க்கறே. நம்ம ஊர்ல எவன் வைக்கிறான்?" ரெண்டுமே தப்பு. முதல் தப்பு சின்னது. ரெண்டாவதுதான் நமக்கு நஷ்டம் பண்ணிக்கிட்டு இருக்கு. சின்னதை முதல்ல முடிச்சிடறேன்.

1963 நவம்பர் 23, சனிக்கிழமை சாயங்காலம் பிபிசியில் வந்த 25 நிமிஷம் அது. கென்னடி சுடப்பட்டதுக்கு மறுநாள். அடுத்த வாரம் ரெண்டாவது எபிசோடுக்கு முன்னாடி இதையே இன்னொரு தடவை போட்டாங்க. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு வயசு 27. இயக்குநர் வாரிஸ் ஹுசைனுக்கு 24, பிறந்தது நம்ம லக்னோவில். சின்ன ஸ்டூடியோ, குறைஞ்ச காசு. செட் அட்டை மாதிரிதான் இருக்கு, ஒத்துக்கறேன்.

ஆனா அதுல ஆளை உலுக்குற இடத்துக்கு செட்டே தேவைப்படலை. சூசன்னு ஒரு ஸ்கூல் பொண்ணு. கணக்கு, சயின்ஸ் எல்லாம் டீச்சரையே மிஞ்சுவா. ஆனா ஒரு பவுண்டுக்கு எத்தனை ஷில்லிங்னு கேட்டா முழிக்கிறா. இங்கே தசம முறைதானேன்னு திருப்பிக் கேக்கறா. இல்லைன்னு அதட்டினதும், ஓ, அது இன்னும் வரலையா என்கிற மாதிரி ஒரு வரி சொல்றா. அவ்ளோதான். இந்தப் பொண்ணு இந்தக் காலத்து ஆளே இல்லைன்னு அந்த ஒத்த வரியில புரிஞ்சு போயிடும். கிராபிக்ஸ் செலவு பூஜ்யம். பிரிட்டன் நிஜமாவே தசம நாணயத்துக்கு மாறினது 1971 பிப்ரவரி 15. நாம 1957 ஏப்ரல் 1லயே அணாவை விட்டு நயா பைசாவுக்கு வந்தாச்சு. அந்தப் பொண்ணு லண்டனுக்குப் பதிலா எங்க வாலாஜாபாத் கடைத்தெருவுல இறங்கியிருந்தா மாட்டியிருக்கவே மாட்டா (ஹி ஹி). இதைப் பார்க்காம அட்டைப்பெட்டியை மட்டும் பார்க்கறவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணும் இல்லை.

நிற்க. இப்ப பெரிய தப்புக்கு வரேன்.

வெள்ளைக்காரன் பத்திரமா வச்சான் என்பது சுத்தக் கட்டுக்கதை. முதல் ஆறு வருஷத்துல அந்தத் தொடர் 253 எபிசோடு வந்துச்சு. 60கள் கடைசியிலிருந்து 70கள் கடைசி வரைக்கும் பிபிசியே அதையெல்லாம் அழிச்சுத் தள்ளுச்சு. வீடியோ டேப் விலை அதிகம், அழிச்சிட்டு அது மேலயே வேற நிகழ்ச்சி பதிவு பண்ணலாம். நடிகர்களோட ஒப்பந்தப்படி இஷ்டத்துக்கு மறுஒளிபரப்பும் பண்ண முடியாது. அதுக்குள்ள கலர் வந்துடுச்சு, கறுப்பு வெள்ளையை இனி எவன் பார்ப்பான்? வெளிநாட்டு விற்பனைக்குப் போட்ட பிலிம் பிரதிகளையும் பிறகு குப்பையில போட்டாங்க. வில்லன் யாரும் கிடையாது. ஆபீஸ்ல "டிஸ்க் ஃபுல்லாயிடுச்சு, பழசை டெலீட் பண்ணு"ன்னு சொல்ற அதே மேனேஜர் புத்திதான்.

அப்போ மிச்சத்தைக் காப்பாத்தினது யாரு? டிவி ஸ்பீக்கர் பக்கத்துல மைக்கை வச்சு டேப் ரெக்கார்டர்ல பதிவு பண்ணின ரசிகர்கள். அதுல ஸ்கூல் பசங்களும் உண்டு. அவங்க புண்ணியத்துல, படம் தொலைஞ்சு போன எல்லா எபிசோடுக்கும் இன்னிக்கு ஒலி இருக்கு. எல்லாத்துக்கும்! அப்புறம் எவனோ தூக்கிப் போட மறந்த பிலிம் சுருள்கள். 1983ல் லண்டன்ல ஒரு சர்ச் கட்டடத்தின் அடித்தளத்துல ரெண்டு எபிசோடு. 1992ல் ஹாங்காங்லேர்ந்து ஒரு முழுக்கதை. 2013ல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து டிவி நிலையத்துல காணாமப் போயிருந்த ஒன்பது. அந்த ஒன்பது கிடைச்ச பிறகும் 97 பாக்கி. தேடிக்கிட்டே இருந்தாங்க, கிடைச்சது. பத்திரமா வச்சிருந்ததால இல்லைங்க.

சரி, நம்ம கதை. அந்தத் தொடர்ல 1977ல் கே-9னு ஒரு இயந்திர நாய் வந்துச்சு. நமக்கு இயந்திர நாய்னா ஒண்ணே ஒண்ணுதான்: ஜீனோ. சுஜாதா ஆனந்த விகடன்ல எழுதின "என் இனிய இயந்திரா". சர்வாதிகாரி ஜீவா, நிலா, புத்தகம் படிக்கிற ஜீனோ. சென்னைத் தொலைக்காட்சி ஒண்ணே கதின்னு கிடந்த காலத்துல, ஆனந்தும் சிவரஞ்சனியும் நடிச்சு அது தூர்தர்ஷன்ல தொடரா வந்துச்சு. பக்கத்து வீட்டு வாசல்ல பாய் போட்டுப் பார்த்த தலைமுறைக்கு இப்ப நாப்பத்தஞ்சு வயசு தாண்டிடுச்சு. என் வயசுக்காரங்களுக்குப் புத்தகம் மட்டும்தான். மாசத்துக்கு ஒருத்தர் "ஜீனோ ஞாபகம் இருக்கா"ன்னு கொசுவத்தி சுத்துறாங்க. கீழே நூறு பேர் "ஆஹா, அந்தக் காலம்" போடறாங்க. "என் கிட்ட ஒரு எபிசோடு இருக்கு"ன்னு சொன்ன ஒருத்தரையும் நான் இதுவரைக்கும் பார்க்கலை.

"புத்தகம்தான் இருக்கே, அப்புறம் எதுக்கு?"ம்பாங்க. புத்தகத்துல சுஜாதா இருக்கார். 2020களை அன்னிக்குச் சென்னையில ஒரு செட் ஆசாரியும் ஒரு தையல்காரரும் எப்படிக் கற்பனை பண்ணினாங்க என்பது டேப்ல மட்டும்தான் இருக்கு. சுஜாதா சொன்ன 2020கள் வந்தே விட்டது. ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான நேரம் இதுதான். நீங்க சிரிக்கிற அட்டைப்பெட்டி செட்டோட மதிப்பே அதுதாங்க.

"அது தூர்தர்ஷன் வேலை"ம்பாங்க. ஆமாம், அவங்க வேலையும்தான். 2020 மார்ச் 28ல் ஊரடங்கு நேரத்துல ராமாயணத்தை எடுத்துப் போட்டாங்களே, டேப் இருந்தா முடியும். பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆச்சு. பெயர் மாத்தின சூட்டோட, பழைய தமிழ்த் தொடர்கள்ல எது எத்தனை எபிசோடு கையிருப்புல இருக்குன்னு ஒரு பட்டியல் வெளியிடட்டும். நாம கேட்டாதானே? பத்து ரூபாய் கட்டினா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேக்கலாம். நூறு "ஆஹா"வுக்குப் பதிலா நூறு மனு போயிருந்தா ஒரு பதிலாவது வந்திருக்கும்.

"யூட்யூப்ல யாராவது போடுவாங்க"ம்பாங்க. 2023ல் அறுபதாம் ஆண்டுக்காக பிபிசி தன்னோட ஐபிளேயர்ல 800க்கும் மேல டாக்டர் ஹூ எபிசோடு ஏத்துச்சு. அதுல முதல் கதையே இல்லை! எழுதினவரோட வாரிசுகிட்ட உரிமைச் சிக்கல். பிலிம் பிரதி கையில இருந்தும் காட்ட முடியலை. ஒரே இடத்தை நம்பினா இதான் கதி. ஒரு காப்பி இருந்தா அது பேக்கப் இல்லைன்னு ஆபீஸ்ல புதுசா சேர்ற பசங்களுக்கு நான் முதல் வாரமே சொல்ற பாடம்.

இது தறிக்காரங்களுக்கு எப்பவோ தெரியும். எங்க பக்கம் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டையில ஜக்கார்டு தறியோட பழைய அட்டையைச் சும்மா தூக்கிப் போட மாட்டாங்க. அட்டை போச்சுன்னா டிசைனும் போச்சு. மறுபடி கிராஃப் போட்டு, ஒவ்வொரு அட்டையா துளை போடணும். சேலையை எப்பவோ வித்தாச்சு, இனி இந்த டிசைனை யார் கேப்பாங்கன்னு நினைச்சு அவங்க எரிக்கிறதில்லை.

ஆகவே மகாஜனங்களே, பரணைப் பாருங்க. குறிப்பா சிங்கப்பூர், துபாய்னு போய் அன்னிக்கே விசிஆர் வாங்கிட்டு வந்த அண்ணாச்சிகள் வீட்டுப் பரண். கல்யாண கேசட், "ஒளியும் ஒலியும்"னு லேபிள் ஒட்டினது எல்லாத்தையும் ஒரு தடவை முழுசா ஓட்டிப் பார்க்கணும். ஒரு நிகழ்ச்சி மேல இன்னொண்ணைப் பதிவு பண்ற பழக்கம் நம்ம வீடுகள்லயும் உண்டு, கடைசி இருபது நிமிஷத்துல பழசு மிச்சம் இருக்கலாம். டேப்ல வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா உடனே விசிஆர்ல போடாதீங்க, டேப் அறுந்துடும். சுத்தம் பண்ணத் தெரிஞ்சவர்கிட்ட கொடுங்க. ஆடியோ கேசட்டையும் விடாதீங்க. படம் பார்க்காமலே கதை வசனக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்ட ஊர் இது. டிவி முன்னாடி டேப் ரெக்கார்டர் வச்ச ஒரு பையனாவது இருந்திருக்க மாட்டானா?

உலகத்துல கடைசியா விசிஆர் தயாரிச்ச ஜப்பான் கம்பெனி 2016 ஜூலையோட நிறுத்திடுச்சு. ஓடுற மெஷின் வருஷா வருஷம் குறையும். பூஞ்சை மட்டும் லீவு போடாம வேலை பார்த்துக்கிட்டே இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை ஏணி எடுத்துப் பரண்ல ஏறுங்க. ஜீனோவை நினைச்சு உருகுறதை இறங்கி வந்து வச்சுக்கலாம்.